சூடான கம்பியை ஆராய்ந்த வத்திராயிருப்புக்காரர்

பனித்திட்டு மாதிரி கடலோர ஊரில் அலுமினியத்தை வெளியில் விட்டால் உப்புக்காற்று சும்மா விடாது. வெள்ளை பூத்து, குழி குழியாகிவிடும். சரி, எல்.இ.டி. விளக்கின் ஹீட் சிங்குக்கு மெல்லிய நிக்கல் பிளேட்டிங் போடலாம் என்று நினைப்பீங்க. உடனே ஒரு சந்தேகம் வரும்: அந்தப் படலம் சூட்டை உள்ளேயே அடைத்துவிடாதா? இதற்கு விடை தேடும்போது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருத்தர் இருக்கார். கே.எஸ். கிருஷ்ணன்.

1898-ல் பிறந்தார். ஊர், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பு. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார். மதிய இடைவேளையில் மாணவர்கள் எந்தக் கேள்வியோடும் வரலாம், உட்கார்ந்து பேசுவார். நம்ம கல்லூரியிலும் இப்படி ஒருத்தர் இருந்தால் எப்படி இருக்கும்!

பிறகு கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவு வெளிவந்தபோது 'நேச்சர்' கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது. கிருஷ்ணன் அதோடு நின்றுவிடவில்லை. டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர்.

நமக்கு வேண்டிய பாடம் இங்கேதான். இயக்குநர் நாற்காலியில் இருந்துகொண்டே, 1950-களில் எஸ்.சி. ஜெயினோடு சேர்ந்து ஒரு எளிமையான பொருளை எடுத்தார்: வெற்றிடத்தில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கிய மெல்லிய கம்பி. சுற்றிலும் காற்று இல்லை. சூடு கம்பி வழியாக இரு முனைகளுக்கும் கடத்தலாகப் போகும், இல்லாவிட்டால் மேற்பரப்பிலிருந்து கதிர்வீச்சாகப் போகும். அதனால் நடுவில் சூடு அதிகம், முனைகளில் குறைவு. இந்த வெப்பநிலை எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட்டார்கள்.

கடத்தல், மேற்பரப்பு என்ற இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற வழக்கத்தை நம்ம ஹீட் சிங்குக்குக் கொண்டுவாங்க. 10 மைக்ரான் நிக்கலின் வெப்பத்தடையைக் கணக்கிட்டால், மின்விசிறி இல்லாத காற்றுக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள தடையில் சுமார் 10 லட்சத்தில் ஒரு பங்குதான் வரும். அதாவது கடத்தலைப் பொறுத்தவரை பிளேட்டிங் இருப்பதே தெரியாது.

ஆனால் மேற்பரப்பு மாறிவிடும். பளபளக்கும் நிக்கலின் எமிசிவிட்டி சுமார் 0.05 முதல் 0.1 தான். பாலிஷ் செய்த அலுமினியமும் கிட்டத்தட்ட அப்படியே. அனோடைஸ் செய்தால் 0.8 பக்கம் போகும். காற்று தானாக நகரும் இடத்தில், கதிர்வீச்சு வெப்பச்சலனத்துக்குச் சமமாகக்கூட வரலாம். மின்விசிறி வைத்தால் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். இன்னொன்று: நிக்கலில் நுண்துளை இருந்தால், அங்கே உப்புநீர் புகுந்து அலுமினியம் இன்னும் வேகமாக அரிக்கும்.

கிருஷ்ணன் 1961-ல் காலமானார். அவர் பெயர் ராமன் விளைவோடு மட்டும் நினைக்கப்படுவது நமக்குத்தான் நஷ்டம். அடுத்த புராஜெக்டில் பிளேட்டிங் போடும்போது, எத்தனை மைக்ரான் என்று கேட்பதோடு நிறுத்தாதீங்க. வெளிப்பரப்பு எவ்வளவு சூட்டை வீசும் என்றும் கேளுங்க.