நெஞ்சின் காயம் கண்ட மருத்துவர்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு

போர்க்களத்தில் குண்டு பட்டுக் கையையோ காலையோ இழந்தவரைக் கண்டால் நாம் இரங்குகிறோம். ஆனால் உடலில் ஒரு கீறலும் இன்றி, உள்ளம் மட்டும் நொறுங்கித் திரும்பிய வீரனை உலகம் எப்படி நடத்தியது? கோழை என்றது, நடிக்கிறான் என்றது. முதல் உலகப் போரில் படையை விட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்திற்காகவும் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ் படை வீரர்களுக்கு, 2006ஆம் ஆண்டில்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுள் மனம் நொந்த நோயாளிகளும் இருந்தனர். அந்தக் கொடிய காலத்திலேயே, இத்தகைய வீரர்களின் அருகில் அமர்ந்து அவர்கள் கூறியதைப் பொறுமையோடு கேட்ட ஒரு மருத்துவர் இருந்தார். அவரே டாக்டர் ரிவர்ஸ்.

வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் 1864ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், இங்கிலாந்தில் சாத்தம் நகருக்கு அருகே பிறந்தார். அவருடைய தந்தை ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு; திக்கிப் பேசுவோருக்குப் பயிற்சி அளித்துக் குணப்படுத்துவதிலும் பெயர் பெற்றவர். ஆனால் என்ன விந்தை! பலருக்குப் பயன்பட்ட அந்தப் பயிற்சி சொந்த மகனுக்கு முழுப் பயன் தரவில்லை. ரிவர்ஸ் வாழ்நாள் முழுவதும் திக்கியே பேசினார். ஒருவருக்கு உதவும் மருந்து மற்றவருக்கு உதவாமற் போகலாம் என்னும் உண்மையை அவர் தம் நாவிலேயே சுமந்து வளர்ந்தார் எனலாம்.

பள்ளி நாட்களில் டைபாய்டு காய்ச்சல் கண்டதால், கேம்பிரிட்ஜில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் வாய்ப்பை இழந்தார். மனம் தளராமல் லண்டன் தூய பர்த்தலமேயு மருத்துவமனையில் சேர்ந்து படித்து, 1886இல் தம் 22ஆம் வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் அதே கேம்பிரிட்ஜ் அவரை விரிவுரையாளராக அழைத்துக்கொண்டது.

நம் தமிழ் மண்ணுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. 1901ஆம் ஆண்டு நீலகிரிக்கு வந்து சில மாதங்கள் தங்கித் தோடர் மக்களின் வாழ்வை ஆராய்ந்தார். பெரியவர்களிடம் அமர்ந்து, யாருக்கு யார் உறவு, யார் யாரை மணந்தார் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார். 1906இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் தோடரைப் பற்றி அறிய விழைவோர் நாடும் நூலாகும். பிறர் கூறுவதை அவசரப்படாமல் கேட்கும் பழக்கமே பின்னாளில் அவருக்குச் சிறந்த மருத்துவக் கருவியாக அமைந்தது.

1914இல் போர் மூண்டது. ஓயாத பீரங்கி முழக்கத்தின் நடுவே மாதக்கணக்கில் பதுங்குகுழிகளில் கிடந்த வீரர்கள் பலர் உறக்கம் இழந்தனர், நடுங்கினர், சிலர் பேச்சையே இழந்தனர். இதனைக் குண்டதிர்ச்சி நோய் என்றனர். ரிவர்ஸ் 1916இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை அடுத்த கிரெய்க்லாக்கர்ட் இராணுவ மருத்துவமனையில் பணியேற்றார். அங்கு இருந்தவர்கள் படை அதிகாரிகள்.

அந்நாளில் மருத்துவர்களும் உறவினர்களும் இந்நோயாளிகளுக்குக் கூறிய அறிவுரை ஒன்றே: நடந்ததை மறந்துவிடு, அழகிய இயற்கைக் காட்சிகளை நினை. அவர்களும் பகலெல்லாம் மறக்க முயன்றனர். ஆனால் பகலில் அடக்கிய நினைவு இரவில் கனவாக வந்து அலற வைத்தது. எனவே ரிவர்ஸ், நினைவை விட்டு ஓடாமல் அதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளுமாறு கற்பித்தார்.

குண்டினால் சிதறிய நண்பனின் உடலைக் கண்ட அதிகாரி ஒருவர், இரவுதோறும் அதே கோரக் காட்சியைக் கனவில் கண்டு துடித்தார். அந்த உடல் இருந்த நிலையே, நண்பர் வேதனை அறியாமல் நொடியில் இறந்தார் என்பதற்குச் சான்று என ரிவர்ஸ் எடுத்துரைத்தார். அதன்பின் கனவு மாறியது. நண்பர் வந்தார், ஆனால் அச்சுறுத்தவில்லை. அதிகாரி கனவிலேயே அவருடன் பேசித் துயர் ஆறினார்.

எல்லோருக்கும் இவ்வாறு நேர்ந்ததா? இல்லை. மற்றோர் அதிகாரி குண்டு வெடிப்பில் தூக்கி எறியப்பட்டு, இறந்து பல நாட்களான பகைவன் ஒருவனின் உடல்மீது முகம் மோத விழுந்தவர். அந்த நினைவில் மனம் பற்றிக்கொள்ள ஆறுதல் தரும் ஒரு துரும்புகூட இல்லை. ரிவர்ஸ் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. எனவே படையை விட்டு விலகி, முன்பு தமக்குச் சற்று நிம்மதி தந்த கிராமப்புற வாழ்வுக்கே செல்லுமாறு கூறி அவரை அனுப்பினார். நடந்ததையே ஓயாமல் எண்ணிக் குமைவதும் சிலருக்குத் தீங்கு செய்வதை அவர் கண்டார்.

1917 டிசம்பரில் லண்டன் மருத்துவ அறிஞர் அவையில் அவர் இவற்றையெல்லாம் விளக்கினார். வெற்றிகளை மட்டும் கூறிக் கைதட்டல் பெற்றிருக்கலாம். அவரோ தம் தோல்வியையும் மறைக்காமல் கூறினார். யாருக்கு இச்சிகிச்சை பலன் தரும், யாருக்குத் தராது என்று ஆராய்வதற்கு இந்த நேர்மையே முதற்படி அல்லவா?

அவர் உள்ளத்திலும் ஒரு முள் இருந்தது. குணமானவர்கள் மீண்டும் போர்முனைக்குச் செல்ல வேண்டுமே! போரை எதிர்த்து அறிக்கை விட்ட கவிஞர் சிக்ஃபிரிட் சசூன் அவரிடம் சிகிச்சை பெற்று, போர்க்களம் திரும்பி, தலையில் காயமுற்று உயிர் தப்பினார். அதே மருத்துவமனையில் வேறொரு மருத்துவரிடம் இருந்த கவிஞர் வில்ஃபிரெட் ஓவன், போர் முடிய ஒரு வாரமே இருந்தபோது உயிர் நீத்தார். தம் கடமை சரியா என்னும் கேள்வி ரிவர்ஸின் கனவுகளிலும் புகுந்தது.

1922 ஜூன் 4ஆம் நாள், திடீரென முற்றிய குடலிறக்க நோயால் தம் 58ஆம் வயதில் ரிவர்ஸ் காலமானார். அவர் பணியாற்றிய கிரெய்க்லாக்கர்ட் கட்டடத்தை அதற்குமுன் 1920இல் திருஇருதய சபைக் கன்னியர் வாங்கியிருந்தனர். வீரர்கள் அலறிய அறைகளில் பல்லாண்டுகள் கத்தோலிக்க ஆசிரியைகள் பயிற்சி பெற்றனர் என்பதை அறியும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. இன்று அது ஒரு பல்கலைக்கழக வளாகம்.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இந்நோய்க்குப் புதுப்பெயர் சூட்டினர். இன்று நல்ல சிகிச்சைகள் உள்ளன, பலர் குணமடைகின்றனர். ஆயினும் அதே சிகிச்சை சில முன்னாள் வீரர்களுக்குப் பலிப்பதில்லை. எவருக்கு எது பலிக்கும் என்பதை முன்னரே அறியும் வழியை அறிஞர்கள் இன்னும் தேடுகின்றனர்.

அன்புத் தோழியரே! நம் வகுப்பிலும் வீட்டிலும் வெளியே தெரியாத காயத்தோடு சிலர் இருக்கலாம். மறந்துவிடு என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், அருகில் அமர்ந்து கேட்போம். பேச இயலாதவரை வற்புறுத்தாமல் உடன் இருப்போம். டாக்டர் ரிவர்ஸ் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.