புளூஸ் பேரரசி பெஸ்ஸி ஸ்மித்

கல்விப் பணிக்கெனத் தோன்றிய ஒரு சங்கத்தின் வெள்ளி விழா மலரில் பாடகி ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவது பொருந்துமா என அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் துணிபு. பெஸ்ஸி ஸ்மித் அம்மையார் பள்ளி எதனையும் நிறுவியவர் அல்லர். மேடையேறி அறிவுரை பகர்ந்தவரும் அல்லர். ஆயினும் அவர்தம் வாழ்வைப் பிறப்பு முதல் இறப்பு வரையும், இறப்புக்குப் பின்னர் முப்பத்து மூன்று ஆண்டுகள் வரையும் தொடர்ந்து நோக்குவோர்க்கு, ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வி எதற்காக வேண்டும் என்பது தானே விளங்கும்.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரில் அவர் பிறந்தார். 1894ஆம் ஆண்டு ஏப்ரல் 15 என்பது பொதுவாகக் கொள்ளப்படும் நாள். 1900ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்போ அவர் பிறப்பை ஏறத்தாழ இரண்டாண்டுகள் முன்னதாகக் காட்டுகிறது. ஏழைக் குடிசையில் பிறக்கும் கறுப்பினக் குழந்தையின் பிறந்த நாளைப் பிழையின்றிக் குறித்துவைக்க அந்நாளில் எவரும் அக்கறை கொண்டாரில்லை. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து முப்பதாண்டுகள்கூட நிறைவுறாத காலம் அது. 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வெள்ளையர்க்கும் கறுப்பினத்தார்க்கும் தனித்தனி இடம் வகுப்பது சட்டத்துக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது. இரயில் பெட்டி, பள்ளி, மருத்துவமனை, இடுகாடு என அனைத்தும் இரண்டாகப் பிரிந்து நின்ற உலகில்தான் பெஸ்ஸி வளர்ந்தார்.

தந்தையார் வில்லியம் ஸ்மித் கூலி வேலை செய்தவர்; ஓய்வு நேரத்தில் சமய உரையும் ஆற்றியவர். பெஸ்ஸி நினைவறியும் முன்னரே அவர் மறைந்தார். ஒன்பது வயதளவில் தாயார் லாராவும் மறைந்தார். மூத்த தமக்கை வயோலாவே தம்பி தங்கையரைத் தாங்கினார். அக்குடும்பத்தின் வறுமையைப் போக்க, சிறுமி பெஸ்ஸி சட்டனூகாவின் தெருமுனைகளில் நின்று பாடினார், ஆடினார். தமையன் ஆண்ட்ரு கிதார் மீட்டினார். வழிப்போக்கர் எறிந்த சில்லறைக் காசே அவர் கலைக்குக் கிடைத்த முதற் பரிசு.

மற்றொரு தமையன் கிளாரன்ஸ் முன்னரே ஊர் ஊராகச் செல்லும் ஒரு கலைக்குழுவில் சேர்ந்திருந்தார். 1912இல் அவர் உதவியால் பெஸ்ஸிக்கும் அக்குழுவில் இடம் கிடைத்தது. அங்கே பாடும் இடத்தில் மா ரெய்னி என்னும் புகழ்வாய்ந்த பாடகியார் இருந்தமையால், பெஸ்ஸி நடனப் பெண்ணாகவே சேர்க்கப்பட்டார். விரைவில் அவர் குரலின் ஆற்றலை மக்கள் உணர்ந்தனர். பின்னர் அட்லாண்டா நகரின் 81 தியேட்டர் முதலிய அரங்குகளில் பாடித் தென்மாநிலங்கள் எங்கும் பெயர் பெற்றார்.

அவர் பாடியது புளூஸ் எனப்படும் பாட்டு. பருத்திக் காட்டிலும் மரம் வெட்டும் இடத்திலும் சிறைக்கூடத்திலும் உழைத்த கறுப்பின மக்களின் கூவலிலிருந்தும் முறையீட்டிலிருந்தும் பிறந்தது அது. அதன் கட்டமைப்பு எளிது. முதலடியைப் பாடுவர், அதனையே மீண்டும் பாடுவர், மூன்றாம் அடியில் அதற்கு விடை கூறுவர். ஒவ்வோரடியின் இறுதியிலும் பாடகர் சற்றே நிறுத்த, இசைக்கருவி மறுமொழி சொல்லும். துயரை இருமுறை உரைத்துவிட்டு, மூன்றாம் முறை அதனை நேருக்கு நேர் பார்ப்பது போன்ற அமைப்பு இது. ஜாஸ் இசை இதனிடமிருந்து பெற்றவை மிகப் பல.

1920இல் மேமி ஸ்மித் என்னும் பாடகியார் பாடிய ஒரு புளூஸ் இசைத்தட்டு பெரும் எண்ணிக்கையில் விற்றது. இவர் பெஸ்ஸிக்கு உறவினர் அல்லர். கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவர் என்னும் உண்மையை நிறுவனங்கள் அதன் பின்னரே கண்டுகொண்டன. எனினும் பெஸ்ஸியின் குரல் முரடானது எனக் கூறி நிறுவனங்கள் பல அவரைத் திருப்பி அனுப்பின. கறுப்பினத்தவரே நடத்திய பிளாக் ஸ்வான் நிறுவனமும் அவரை ஏற்கவில்லை. அதற்கு முன்னரே, அவர் நிறம் மிகக் கறுப்பு என்பதால் ஆடற்குழு ஒன்றிலிருந்தும் அவர் விலக்கப்பட்டார். அக்குழுவை நடத்தியவரும் அவர் இனத்தவரே. மேலிருந்து வரும் இழிவு, கீழுள்ளோர் உள்ளத்திலும் வேர்கொண்டு படிநிலை வகுக்கும் கொடுமையை நாம் அறியாதவர் அல்லோம்.

1923 பிப்ரவரியில், நியூயார்க் நகரில், கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் குரல் முதன்முதலாக மெழுகுத்தட்டில் பதிந்தது. அக்காலத்தில் ஒலிவாங்கி இல்லை. பெரியதொரு கொம்புக் குழாயின் முன் நின்று உரத்துப் பாடவேண்டும். அவ்வதிர்வே ஊசியை அசைத்துக் கோடு கிழிக்கும். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே இடமுண்டு. கூடாரங்களில் ஒலிபெருக்கியின்றி ஆயிரவர்க்குப் பாடிப் பழகிய குரல் அக்குழாய்க்கு அஞ்சவில்லை. அல்பர்ட்டா ஹன்ட்டரும் லவி ஆஸ்டினும் இயற்றிய டவுன்ஹார்ட்டட் புளூஸ் என்னும் அப்பாட்டு, ஆறு திங்களுக்குள் 7,80,000 படிகள் விற்றதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

ஈண்டு அன்பர்கள் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பதிவில் பியானோ வாசித்து இடையே நின்ற ஒருவர், தொடக்கத்தில் அவர் ஊதியத்தில் பாதியைத் தாம் எடுத்துக்கொண்டார். அதனைக் கண்டறிந்து பெஸ்ஸியும் பிற்பாடு அவர் கணவரான ஜாக் கீயும் சண்டையிட்டுத் தடுத்தனர். பின்னர் கொலம்பியாவுடன் நேரடி ஒப்பந்தம் ஏற்பட்டது. பயன்படுத்தத் தகுந்த ஒவ்வொரு பதிவுக்கும் 125 டாலர் தருவதாக அது கூறியது. ஆனால் விற்பனைக்கேற்ப உரிமைத்தொகை வழங்கும் பகுதி அத்தாளில் அடிக்கப்பட்டிருந்தது. தட்டு ஆயிரம் விற்றாலும் பத்து இலட்சம் விற்றாலும் பாடியவர்க்கு அதே தொகைதான். அடிக்கப்பட்ட அவ்வரிகளால் அவர் இழந்த பொருள் எவ்வளவு! தாளில் உள்ளதைப் படிப்பதோடு, அதில் அடிக்கப்பட்டதையும் கண்டு வினவும் துணிவு வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

மேடை வருவாய் அவரை உயர்த்தியது. அக்காலக் கறுப்பினக் கலைஞருள் மிகுந்த ஊதியம் பெற்றவர் அவரே. வாரத்துக்கு 2,000 டாலர் வரை பெற்ற நாள்களும் உண்டு. பணமிருந்தும் தென்மாநிலங்களில் அவர்க்குத் தங்குவதற்கு நல்ல விடுதி இல்லை. உணவகத்தில் அமர இடமில்லை. எனவே 1925இல் அவர் தமக்கெனவே ஓர் இரயில் பெட்டியை வாங்கினார். குழுவினர் அனைவரும் உண்டு, உறங்கி, மதிப்புடன் பயணம் செய்ய அது உதவிற்று. 1927ஆம் ஆண்டில் வட கரோலினாவில், கூடாரத்தைச் சாய்க்க வந்த கூ குளுக்ஸ் கிளான் கும்பலை அவர் தனியராய் எதிர்நின்று விரட்டிவிட்டு மீண்டும் மேடையேறிப் பாடினார் என்று உடனிருந்தோர் சொல்லியுள்ளனர்.

அவர் பதிவுகள் ஏறத்தாழ 160. புதிதாகக் கேட்கப் புகுவோர்க்குச் சிலவற்றைச் சுட்டுவது நம் கடன். 1925 ஜனவரியில் பதிவான செயின்ட் லூயிஸ் புளூஸ் அவற்றுள் முதலாவது. ஃபிரெட் லாங்ஷா ஆர்மோனியம் வாசிக்க, இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் என்னும் ஊதுகருவியால் ஒவ்வோரடிக்கும் மறுமொழி தருகிறார். இரு பெருங்கலைஞரும் ஒருவர் பேச மற்றவர் செவிமடுக்கும் பண்பை அங்கே காணலாம். 1927 பிப்ரவரியில் பதிவான பேக்வாட்டர் புளூஸ், வெள்ளத்தில் வீடிழந்த ஏழைப் பெண்ணின் நிலையைப் பாடுவது, அவரே இயற்றியது. ஜேம்ஸ் பி. ஜான்சனின் பியானோவில் வெள்ளம் புரளும் ஓசை கேட்கும். அது வெளிவந்த சில திங்களில் மிசிசிப்பி ஆறு கரையுடைத்துப் பல இலட்சம் மக்களை வீடற்றோராக்கியது. அப்பாட்டு அவர்கள் பாட்டாயிற்று. 1928இல் பதிவான புவர் மேன்ஸ் புளூஸ், செல்வரை நோக்கி ஏழை கேட்கும் கேள்வி. 1929 மே மாதத்தில், செல்வம் நீங்கியவனை நண்பரும் அறியார் என்னும் பொருள்படும் பாட்டொன்றைப் பாடினார். அதே ஆண்டு அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. நாடே அப்பாட்டின் பொருளை உணர்ந்தது.

பொருளாதார வீழ்ச்சியும் வானொலியும் பேசும் படமும் இசைத்தட்டு வாணிகத்தைச் சாய்த்தன. 1931இல் கொலம்பியா அவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 1933 நவம்பரில் ஜான் ஹாமண்ட் என்பவர் ஏற்பாட்டில் நான்கு பாட்டுகளை மட்டும் பதிவு செய்தார். ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது 37.50 டாலர். அவையே அவர் இறுதிப் பதிவுகள். ஆயினும் அவர் சோர்ந்து ஒதுங்கவில்லை. புதிய நடைக்கேற்பத் தம் பாட்டை மாற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பாடிவந்தார்.

1937 செப்டம்பர் 26, விடியற்காலை. மெம்பிஸ் நகரிலிருந்து தெற்கே மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேல் நோக்கி விரைந்த அவர் கார், சாலையில் ஒரு லாரியின் பின்புறத்தில் மோதியது. கை சிதைந்தது; உட்காயமும் மிகுதி. அவ்வழியே வந்த வெள்ளை மருத்துவர் ஒருவர் இறங்கி முதலுதவி செய்தார். ஆம்புலன்ஸ் அவரைக் கிளார்க்ஸ்டேலில் கறுப்பினத்தார்க்கென இருந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. அங்கே கை அகற்றப்பட்டது. அன்று முற்பகலே அவர் உயிர் நீங்கியது.

அவர் இறந்த சில வாரங்களில், வெள்ளையர் மருத்துவமனை அவரைச் சேர்க்க மறுத்ததால் குருதி வடிந்து மாண்டார் என்னும் செய்தியை ஹாமண்ட் இதழொன்றில் எழுதினார். அது நாடெங்கும் பரவியது; 1960இல் எட்வர்ட் ஆல்பியின் நாடகமாகவும் மேடையேறியது. இன்றும் பலர் அதனையே உண்மை எனக் கருதுகின்றனர். 1972இல் கிறிஸ் ஆல்பர்ட்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு, அம்மருத்துவரையும் மற்றவரையும் நேரிற்கண்டு வினவி, அது நடந்ததன்று என நிறுவியது. அவர் வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படவே இல்லை.

நமக்கு உவப்பான கதையைக் கைவிட நேர்கிறதே என வருந்தவேண்டுவதில்லை. ஆய்ந்து பார்த்தால் உண்மையே கொடியது. கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் மருத்துவமனைக்கு அங்குள்ள ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எவரும் கொண்டு செல்ல எண்ணவே மாட்டார் என்பதே மருத்துவர் தந்த விளக்கம். வாயிற்கதவை அடைப்பதற்கு ஆள் வேண்டியதில்லை. கதவை அணுகவும் கூடாது என்பது அனைவர் நெஞ்சிலும் எழுதப்பட்டிருந்தது. ஒருவர் செய்த கொடுமையை மற்றொருவர் திருத்தலாம். வழக்கமாகிவிட்ட கொடுமையைக் காண்பதே அரிது. கொடுமைக்குச் சான்று கூற மிகைக்கூற்று தேவையில்லை என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். ஒரு பொய் கலந்தால், அதனைக் காட்டி நூறு மெய்யை மறுப்பார் உலகில் உளர்.

பிலடெல்பியா நகரில் அக்டோபர் 4ஆம் நாள் நடந்த இறுதிச் சடங்கில் ஏறத்தாழ 7,000 மக்கள் திரண்டனர். நகரை அடுத்த ஷாரன் ஹில்லில், மவுண்ட் லான் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் அக்குழிமேல் கல் எழவில்லை. அவர் தட்டுகள் மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டன, விற்றன. பேரரசி எனப் போற்றப்பட்டவர் முப்பத்து மூன்று ஆண்டுகள் பெயரின்றிப் புல்லடியில் கிடந்தார்.

1970இல் அந்நகர நாளேடு ஒன்றுக்கு ஒரு பெண்மணி இக்குறையைச் சுட்டிக் கடிதம் எழுதினார். அதன்பின் இருவர் முன்வந்து செலவைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் புகழ்பெற்ற வெள்ளைப் பாடகி ஜேனிஸ் ஜாப்ளின். மற்றவர் ஜுவானிட்டா கிரீன் என்னும் கறுப்பின அம்மையார். இவர் சிறுமியாக இருந்தபோது சனிக்கிழமைகளில் பெஸ்ஸியின் வீட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவியவர். ஒருமுறை மேடையில் இச்சிறுமி பாடக் கேட்ட பெஸ்ஸி, பள்ளியில் படிக்கிறாயா என வினவி, உனக்குப் பாட்டு வராது, பள்ளியை விட்டுவிடாதே என முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சிறுமி பள்ளியை விடவில்லை. படித்துச் செவிலியரானார், முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு உரிமையாளரானார், கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடும் சங்கத்தின் வட பிலடெல்பியாக் கிளைக்குத் தலைவரும் ஆனார். 1970 ஆகஸ்டில் பெஸ்ஸியின் கல்லறைக்குக் கல் வந்தது.

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். அவர் குரலை நிறுவனம் காத்தது. அதற்கு அக்குரல் வருவாய் தந்தது. அவர் பெயரைக் காத்ததில் பாதிப் பங்கு, அவர் பள்ளிக்குத் திருப்பியனுப்பிய ஓர் ஏழைச் சிறுமியுடையது. புகழ் மறந்ததைப் படிப்பு மறக்கவில்லை.

அவர் பாட்டுகளைக் கேட்க விரும்புவோர், கொலம்பியா நிறுவனம் 1970 முதல் 1972 வரை ஐந்து இரட்டைத் தட்டுத் தொகுதிகளாக வெளியிட்டவற்றைத் தேடிக் கேட்கலாம். பழைய தட்டின் கரகரப்பு முதலில் இடையூறாகத் தோன்றும். சற்றுப் பொறுத்திருந்தால், அதற்குப் பின்னே தளராத குரல் ஒன்று நிமிர்ந்து நிற்பதைக் கேட்கலாம். கேட்கும்போது அடிக்கப்பட்ட அவ்வொப்பந்த வரிகளையும், தரை கழுவிய அச்சிறுமியையும் நம் பிள்ளைகள் நினைவிற் கொள்வார்களாக.