சாம்பியனின் செலவை ஏற்றவர் யார்?

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சதுரங்கம் பழகும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. போட்டிக்கு இவ்வளவு நுழைவுக் கட்டணம் கட்டுகிறோமே, பரிசுத்தொகை அதற்கு ஈடாகுமா என்பதுதான் அது. ஒரு பேச்சுக்கு, 100 பேர் தலைக்கு 100 வெள்ளி கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மண்டப வாடகை, நடுவர்களின் ஊதியம் எல்லாம் போக எஞ்சும் பணம் முதல் பத்துப் பதினைந்து பேருக்குப் போய்விடும். மற்ற 85 பேரும் கொமுட்டர் ரயில் கட்டணத்தையும் சேர்த்து இழந்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். ஆகவே பரிசை மட்டும் பார்த்தால் பெரும்பாலோருக்கு நட்டம்தான். சரி, வெற்றி பெற்றவருக்காவது இது பிழைப்பாகுமா? இதற்கு மீர் சுல்தான் கானின் வாழ்க்கையைத்தான் நான் எடுத்துச் சொல்வேன்.

இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் பகுதியில், மித்தா திவானா என்ற ஊரில் 1903-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர் சுல்தான் கான். ஒன்பது வயதில் தந்தையிடம் ஆட்டம் கற்றார். அது நாம் இன்று ஆடும் சதுரங்கம் அன்று. அந்த இந்திய விதிப்படி சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் முன்னேறும். இருபத்தொரு வயதில் பஞ்சாபின் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தார். பெரும் நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் அவரைத் தம் ஆதரவில் சேர்த்துக்கொண்டு, ஐரோப்பிய விதிகளைப் பழக வைத்தார். சுல்தான் கான் அவரிடம் பணியாளாக இருந்தார் என்று பல நூல்கள் கூறுகின்றன. குடும்பத்தார் அதை மறுக்கின்றனர். எப்படியாயினும், செலவை ஏற்க ஒருவர் இருந்தார்.

1928-இல் அகில இந்தியப் போட்டியில் எட்டு வெற்றி, ஒரு சமநிலை, தோல்வியே இல்லை. மறு ஆண்டு உமர் ஹயாத் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கு ஆடிய முதல் பயிற்சிப் போட்டியில் சுல்தான் கான் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். பரிசுக் கணக்கில் அந்தப் போட்டி சுத்தப் பூச்சியம். ஆனால் அதன் பிறகுதான் வின்டர், யேட்ஸ் என்ற இரு முன்னணி ஆங்கில ஆட்டக்காரர்கள் அவருடன் அமர்ந்து பயிற்சி செய்தார்கள். அதே கோடையில் ராம்ஸ்கேட் நகரில் அவர் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்! கட்டிய கட்டணம் வீண் என்று புலம்பும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கடைசி இடத்தைப் பற்றித்தான்.

பிறகு நடந்தவை வியப்பூட்டுபவை. 1930-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் டார்டகோவருக்கு அடுத்து இரண்டாம் இடம். அந்த ஆண்டு இறுதியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கபாப்ளாங்காவையே வென்று மூன்றாம் இடம் பிடித்தார். 1931-இல் பிராக் ஒலிம்பியாட்டில் இங்கிலாந்தின் முதல் பலகையில் ஆடி, புளோரையும் ரூபின்ஸ்டைனையும் வீழ்த்தினார்; உலகச் சாம்பியன் அலெகினுடன் சமநிலை கண்டார். 1932, 1933 ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் பட்டம் அவருக்கே. இங்கிலாந்தின் குளிரும் விடாத காய்ச்சலும் வாட்டிய உடம்போடு இத்தனையும் சாதித்தார். உமர் ஹயாத்தின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்ற இளம்பெண்ணும் 1933-இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றார் என்பது பலருக்குத் தெரியாது.

1933 டிசம்பரில் உமர் ஹயாத் தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். அத்தோடு அவருடைய ஐரோப்பிய ஆட்டம் முடிந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுதான். மூன்று முறை பட்டம் வென்றவர் அவர். ஆனாலும் பரிசுப் பணத்தை நம்பி ஐரோப்பாவில் தனியே வாழ அவருக்கு வழி அமையவில்லை. 1935-இல் காடில்கருடன் பத்து ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆட்டம் மங்கிவிடவில்லை, புரவலர்தான் இல்லை.

அவர் மட்டுமா? 1922-இல் கபாப்ளாங்கா வகுத்த விதிப்படி, உலகப் பட்டத்துக்கு அறைகூவல் விடுப்பவர் குறைந்தது 10,000 டாலர் திரட்ட வேண்டும். பெரும் மேதையான நிம்சோவிச் அந்தப் பணம் கிடைக்காமல் ஒதுங்கினார். அலெகினுக்கு அர்ஜென்டினா கைகொடுத்தது. 1927-இல் அவர் ஆடி வென்றார். நம் கோலாலம்பூரிலும் டத்தோ டான் சின் நாம் போன்ற ஒருவர் பணம் போட்டதால்தான் பெரிய போட்டிகள் நடந்தன. இதை நினைக்கும்போது, பெற்றோரின் சம்பளத்திலிருந்து வரும் கட்டணத்தைப் பரிசோடு ஒப்பிடுவதே எனக்குப் பொருந்தாத கணக்காகத் தெரிகிறது. எத்தனை சுற்று, தன்னைவிட வலுவான எத்தனை பேருடன் ஆட முடியும் என்றுதான் நான் பார்க்கிறேன். மூன்று சுற்றில் முடிந்துவிடும் போட்டிக்குப் பெரிய பரிசு அறிவித்தாலும் என் மாணவர்களை அனுப்புவதில்லை.

சுல்தான் கான் தம் நிலத்தில் விவசாயம் பார்த்தார். பிள்ளைகளை அவர் சதுரங்கத்தில் இறக்கவில்லை. 1950-இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியபோது, அவரிடம் தோற்ற ரூபின்ஸ்டைனுக்கும் டார்டகோவருக்கும் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. 1966 ஏப்ரல் 25-இல் சர்கோதாவில் காலமானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024-இல் வந்தது.