யார் இந்த ஜான் கிப்பன்? இதயத்தில் இல்லாத ஓட்டையைத் தேடிய டாக்டர்

1952 பிப்ரவரி, அமெரிக்காவின் பிலடெல்பியா. 15 மாதக் குழந்தை ஒன்றின் இதயத்தைத் திறந்தார் டாக்டர் ஜான் கிப்பன். மேலறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் பிறவி ஓட்டை இருக்கிறது, அதைத் தைத்து மூட வேண்டும் என்பது திட்டம். ஆனா, உள்ளே ஓட்டையே இல்லை. குழந்தை இறந்துபோனது.

பிரேதப் பரிசோதனையில்தான் உண்மை தெரிந்தது. பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் சிறு குழாய் ஒன்று, பிறந்த சில நாட்களில் மூடியிருக்க வேண்டியது, திறந்தே இருந்திருக்கிறது. இரண்டு கோளாறிலும் நுரையீரலுக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் போகும், இதயம் வீங்கும். குழப்பம் வந்தது அதனால்தான். இதில் கொடுமை என்னன்னா, அந்தக் குழாயைக் கட்டிவிட இதயத்தைத் திறக்கவே தேவையில்லை. 1938-லேயே பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் அதைச் செய்து காட்டிவிட்டார்.

கிப்பன் பிறந்தது 1903-ல். பாஸ்டனில் பயிற்சி டாக்டராக இருந்தபோது, நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். அவர் பிழைக்கவில்லை. ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்ப ஒரு மெஷின் இருந்தால்? அந்த யோசனை அவரை விடவே இல்லை. மனைவி மேரியும் ஆராய்ச்சியில் கூட நின்றார். தெருப் பூனைகளைப் பிடித்து வந்து சோதித்தார்கள். 1935-ல் ஒரு பூனையின் இதய வேலையையும் நுரையீரல் வேலையையும் மெஷின் பார்த்துக்கொண்டது. இடையில் போர். பிறகு ஐபிஎம் இன்ஜினீயர்கள் கைகொடுத்தார்கள்.

அந்தக் குழந்தை இறந்த மறுவருஷம், 1953 மே 6. இந்த முறை 18 வயதுப் பெண். மேலறைச் சுவரில் ஓட்டை நிஜமாகவே இருந்தது. 26 நிமிடம் அவருடைய உயிரை முழுசாக மெஷின்தான் சுமந்தது. ஓட்டையைத் தைத்தார் கிப்பன். அவர் பிழைத்தார்.

இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் முதல் முயற்சி ஸ்வீடனில் நடந்ததும் அதே வருஷம்தான். இன்று 'எக்கோ' ஓட்டையை மட்டுமல்ல, அது எந்த இடத்தில் என்றும் காட்டும். சுவரின் நடுவில் இருந்தால் 'செகண்டம்', இதுதான் அதிகம். பெரும்பாலும் தொடை நரம்பு வழியாகக் கருவியை அனுப்பியே மூடிவிடலாம். கீழே, வால்வுகளை ஒட்டி இருந்தால் 'பிரைமம்'. மேலே, பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் என்றால் 'சைனஸ் வெனோசஸ்'. இந்த இரண்டுக்கும் பொதுவாக ஆபரேஷன்தான். கடைசி வகை சாதாரண எக்கோவில் தப்பிவிடலாம். உணவுக்குழாய் வழியே எக்கோ எடுத்தால் சிக்கும். கரோனரி சைனஸ் வகை ரொம்ப அபூர்வம். ஸ்டெதாஸ்கோப்பும் சும்மா இல்லை. 'லப்-டப்'பில் 'டப்' இரண்டாகப் பிரிந்து, மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அந்த இடைவெளி மாறாவிட்டால் டாக்டர் உஷாராகிவிடுவார்.

கிப்பனுக்கு இந்த வசதியெல்லாம் கிடைக்கவில்லை. அடுத்து ஆபரேஷன் செய்த இரண்டு குழந்தைகளும் இறக்க, அவர் நிறுத்திவிட்டார். இதயத்தை அதன்பிறகு திறக்கவே இல்லை. அவருடைய மெஷினை மேம்படுத்தி 1955-ல் மயோ கிளினிக்கில் தொடர்ந்தவர் ஜான் கிர்க்லின். 1973-ல் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து கிப்பன் காலமானார்.