குலப்பெயரின் விலை

2008-ஆம் ஆண்டு வெளிவந்த 'வால்கிரி' படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதில் டாம் குரூஸ் ஏற்ற வேடம் கற்பனையன்று. ஹிட்லரைக் கொல்ல முயன்ற கிளவுஸ் வோன் ஸ்டவுஃபென்பெர்க் எனும் ஜெர்மானியப் பிரபுவின் கதை அது. அம்முயற்சிக்காக அவர் எதையெல்லாம் பணயம் வைத்தார் என்பதையே நான் இங்கு எழுத விழைகிறேன்.

ஸ்டவுஃபென்பெர்க் குடும்பம் தென் ஜெர்மனியின் தொன்மையான பிரபுக் குலங்களுள் ஒன்று. 'ஷெங்க்' என்பது அவர்களின் பெயரோடு ஒட்டிய பட்டம். மன்னருக்கும் பிரபுவுக்கும் மது பரிமாறும் அதிகாரி என்பது அதன் பொருள். மூதாதையர் வகித்த பதவியே பின்னாளில் குலப்பெயராகிவிட்டது. வெள்ளிக் கேடயத்தில் ஒரு சிவப்புப் பட்டை, அதன் மேலும் கீழும் நீலச் சிங்கங்கள். இதுவே அவர்களது குலச் சின்னம்.

1907-இல் பிறந்த கிளவுஸ், ஸ்டுட்கார்ட் நகரின் பழைய அரண்மனையில் வளர்ந்தார். தந்தை வூர்ட்டெம்பெர்க் மன்னரிடம் உயர்பதவி வகித்தவர். 1918-இல் முடியாட்சி வீழ்ந்தது. 1919-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் பிரபுக்களின் சலுகைகளை நீக்கியது. பட்டம் வெறும் பெயராக மட்டும் எஞ்சியது. 1926-இல் கிளவுஸ் குதிரைப்படையில் சேர்ந்தார்.

அவரைக் குறையற்ற வீரராகக் காட்டுவது வரலாற்றுக்கு நாம் செய்யும் துரோகம். 1933-இல் ஹிட்லரின் எழுச்சியை வரவேற்றவர் அவர். போலந்துப் போரிலும் பிரான்சுப் போரிலும் பங்கேற்றார். யூதர்கள் கொன்று குவிக்கப்படுவதையும் சோவியத் கைதிகள் மடிவதையும் அறிந்த பிறகே, 1942-இல் அவர் மனம் முற்றிலும் மாறியது. 1943 ஏப்ரலில் துனீசியாவில் நடந்த விமானத் தாக்குதலில் இடக் கண், வலக் கை, இடக் கையின் இரு விரல்கள் ஆகியவற்றை இழந்தார்.

எஞ்சிய மூன்று விரல்களால்தான், 20 ஜூலை 1944 அன்று, ஹிட்லரின் கிழக்குத் தலைமையகத்தில் வெடிகுண்டை முடுக்கினார். நேரம் போதாமல் இரண்டு குண்டுகளில் ஒன்றை மட்டுமே தயார் செய்ய முடிந்தது. நால்வர் மாண்டனர், ஹிட்லர் தப்பினார். அன்று நள்ளிரவு கடந்ததும், பெர்லின் இராணுவத் தலைமையக முற்றத்தில் கிளவுஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குக் கல்லறைகூட இல்லை. உடலைத் தோண்டியெடுத்து எரித்துச் சாம்பலைத் தூவிவிட்டார்கள்.

நாஜிகளின் பழிவாங்கல் அத்துடன் நிற்கவில்லை. குலத்தையே தண்டிப்பது பழைய ஜெர்மானிய வழக்கம் எனக் கூறிக் குடும்பத்தையே வேட்டையாடினர். அண்ணன் பெர்ட்டோல்ட் தூக்கிலிடப்பட்டார். கருவுற்றிருந்த மனைவி நீனா சிறைப்பட்டார். ஐந்தாவது குழந்தை 1945 ஜனவரியில் காவலில் பிறந்தது. மற்ற நான்கு பிள்ளைகளும் பாட் சாக்ஸா விடுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, 'மைஸ்டர்' என்ற வேறு பெயர் சூட்டப்பட்டனர்.

நூற்றாண்டுகளாகக் காத்த பெயரை ஒரே நாளில் இழக்க நேரும் என அறிந்தே அவர் துணிந்தார். குலப்பெருமை பேசுவோர் எங்கும் உண்டு. ஆனால் அப்பெருமையை நீதிக்காகப் பணயம் வைப்பவர் அரியர் என்பதே நான் கண்ட உண்மை. அவர் மாண்ட அலுவலகம் இருந்த பெண்ட்லர் வீதிக்கு 1955-இல் ஸ்டவுஃபென்பெர்க் வீதி எனப் பெயர் மாற்றினார்கள். அழிக்க நினைத்த பெயர் இன்று ஓர் ஊரின் முகவரியாகிவிட்டது.