தினமும் 10 மைல் நடந்து சைவ ஹோட்டல் தேடிய காந்தி: லண்டனில் என்ன நடந்தது?

கப்பலூர் டோல்கேட் பக்கம் சைவ ஹோட்டல் தேடி யாரும் அலைவதில்லை. வெளிநாடு போனாலும் கையில் மேப் இருக்கு. 1888-ல் லண்டனில் போய் இறங்கிய மோகன்தாஸ் காந்திக்கு அந்த வசதி எதுவும் இல்லை. வயது ஏறக்குறைய 19. மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடமாட்டேன் என்று அம்மா புத்லிபாயிடம் சத்தியம் செய்துவிட்டுக் கப்பல் ஏறியவர். கடல் தாண்டக் கூடாது என்ற சாதிக்காரர்கள் பம்பாயிலேயே அவரைத் தள்ளிவைத்தும் விட்டார்கள்.

லண்டனில் பிரச்னை பசிதான். தங்கிய வீட்டில் உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்த காய்கறி. ரொட்டி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கவும் கூச்சம். இறைச்சி சாப்பிடச் சொல்லி நண்பர் ஒருவர் விடாமல் வாதாடினார். அவரே ஒருநாள் ஹால்பர்ன் என்ற பெரிய ரெஸ்டாரண்டுக்கும் அழைத்துப் போனார். வந்த சூப்பில் இறைச்சி இருக்கா என்று சர்வரிடம் விசாரிக்கப் போக, நண்பருக்குக் கோபம். காந்தி எழுந்து வெளியே வந்துவிட்டார். பக்கத்தில் இருந்த சைவ ஹோட்டலும் மூடியிருந்தது. அன்றிரவு பட்டினி.

சைவ ஹோட்டல் தேடி தினமும் 10, 12 மைல் நடப்பாராம். அப்படி ஒருநாள் கண்ணில் பட்டதுதான் ஃபாரிங்டன் தெருவில் இருந்த சென்ட்ரல் என்ற சைவ ஹோட்டல். இங்கிலாந்து வந்தபிறகு முதல்முறையாக வயிறார சாப்பிட்டது அங்கேதான். உள்ளே போகும்போது ஒரு ஷில்லிங் கொடுத்து ஹென்றி சால்ட் எழுதிய புத்தகத்தையும் வாங்கினார். சைவத்துக்கான வாதங்கள் அடங்கிய புத்தகம் அது. அதுவரை அம்மாவுக்காகக் காப்பாற்றிய சத்தியம், படித்து முடித்ததும் சொந்த முடிவாக மாறியது. காந்தியின் வாழ்க்கையில் சட்டப் படிப்பைவிட இந்தச் சாப்பாட்டுக்குத்தான் பங்கு அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு செலவைச் சுருக்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி, இரவில் ரொட்டியும் கோகோவும் அறையிலேயே. மதியம் மட்டும் வெளியே. ஒருநாள் சாப்பாட்டுச் செலவு ஒன்றேகால் ஷில்லிங்தான். லண்டன் சைவ சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார். கூட்டத்தில் எழுந்து பேசத்தான் வாய் வரவில்லை. ஆனால் எழுத வந்தது. சங்கத்தார் நடத்திய பத்திரிகையில் 1891-ல் இந்திய உணவு பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். ஊர் திரும்பும்முன் நண்பர்களுக்கு விருந்து வைத்தது எங்கே தெரியுமா? அதே ஹால்பர்னில். அதுவும் முழுச் சைவம்!

தென்னாப்பிரிக்காவிலும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் சைவ ஹோட்டல் நடத்திய ஒரு பெண்மணிக்கு, தன் கட்சிக்காரரின் பணம் 1,000 பவுண்டைக் கடனாகக் கொடுத்தார். பணம் திரும்பி வரவே இல்லை. காந்திதான் கைக்காசில் அடைத்தார். நஷ்டம் அப்படி என்றால், ஆல்பர்ட் வெஸ்ட், ஹென்றி போலக் இருவரும் பழக்கமானதும் சைவ ஹோட்டலில்தான். 1904-ல் பிளேக் பரவியபோது, ஆள் சாப்பிட வரவில்லையே என்று காந்தியைத் தேடி வீட்டுக்கே வந்தவர் வெஸ்ட். அவரை டர்பன் அச்சகத்துக்கு அனுப்பிவைத்தார் காந்தி. அங்கே அச்சான இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை அப்போது தமிழிலும் வந்துகொண்டிருந்தது.