சேர். பொன்னம்பலம் இராமநாதன்: சமயமும் சட்டமும்

ஈழத்துச் சைவ மக்கள் நன்றியோடு நினைவுகூரும் பெரியார்களுள் சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் முதன்மையானவர். 1851ஆம் ஆண்டு கொழும்பில் பொன்னம்பல முதலியாரின் மைந்தராகப் பிறந்தார். சட்டம் பயின்று, 1879இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். பின்னர் சொலிசிட்டர் ஜெனரலாகவும் பணியாற்றினார். தஞ்சை அருள்பரானந்த சுவாமிகளே அவருடைய குரு. தந்தையார் கொச்சிக்கடையில் அமைத்த சிவன் கோயிலை 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் புதுக்கிக் கட்டினார். அங்கு சென்று வந்த நம் அடியார்கள் அத்தூண்களைத் தொட்டுப் பார்த்திருப்பர். பெண் பிள்ளைகளுக்கென 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியையும் நிறுவினார். இவை பலரும் அறிந்தவை. கண்டிப் பகுதியினரான நாம் சிறப்பாக அறிய வேண்டியது 1915ஆம் ஆண்டுச் செய்தியாகும்.

கம்பளையில் கதிர்காமக் கடவுளுக்குரிய வல்லஹகொட தேவாலயம் உள்ளது. அதன் பெரஹர பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் முழங்கலாமா என்று வழக்கு எழுந்தது. 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தம் பௌத்த சமயத்துக்கு அளித்த உறுதியை ஆதாரமாகக் கொண்டு, கண்டி மாவட்ட நீதிமன்றம் 1914இல் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. மனத்தாங்கல் தணியவில்லை. அவ்வாண்டு மே 28ஆம் திகதி வெசாக் இரவில், கண்டி நகரில் பள்ளிவாசல் ஒன்றின் அருகே மூண்ட கலகம் சில நாட்களில் பல மாவட்டங்களுக்கும் பரவியது.

ஆளுநர் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர். சிங்களத் தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். அப்போது இராமநாதன் படித்த இலங்கையரின் பிரதிநிதி, வயது 64. சபையில் அஞ்சாது எழுந்து, ஆதாரங்களை அடுக்கி, அரசின் கொடுமையைக் கண்டித்தார். உலகப் போர் நடந்த காலத்தில், நீர்மூழ்கிகளின் ஆபத்துக்கிடையே இங்கிலாந்துக்குக் கப்பலேறி அங்கும் முறையிட்டார். வெசாக் தினம் 1885இல் விடுமுறையாவதற்குத் துணைநின்றவரும் இவரே. சைவராகிய ஒருவர் பௌத்தருக்காக இவ்வளவு செய்தார்! அவர் திரும்பியபோது சிங்கள மக்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றதைப் பெரியோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம்.

ஒன்றையும் மறைக்கலாகாது. அக்கலகத்தில் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உறவுகளையும் இழந்த முஸ்லிம் மக்கள், தமக்காக அவர் அவ்வாறு பேசவில்லையே என்று வருந்தினர். அவர்களோடு அயலவராக வாழும் நமக்கு அவ்வருத்தம் நியாயமானதாகவே படுகிறது.

டொனமூர் ஆணைக்குழு வந்தபோதும் அவர் தம் கொள்கையில் உறுதியாக நின்றார். படிப்பும் சொத்தும் இல்லாதோருக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்குவதை அவர் விரும்பவில்லை. பெண் கல்விக்கு அள்ளிக் கொடுத்தவர் ஏன் இப்படி எண்ணினாரோ! புதிய அரசியலமைப்பை எதிர்த்து 1930இல், தள்ளாத வயதிலும், இலண்டன் சென்றார். அவ்வாண்டு நவம்பரில் இறைவனடி சேர்ந்தார். மறு ஆண்டு நடந்த தேர்தலில், ஐந்தாண்டு வதிவு முதலிய நிபந்தனைகளோடு, தோட்டங்களில் உழைத்த நம் பாட்டன் பாட்டிமாரும் முதன்முறையாக வாக்களித்தனர்.